நான் சுட்ட முயலுக்கு மூன்றே கால்

முதல் முயலின் இடது முன்னங்கால் தோட்டாவோடு போய்விட்டது. தோலை உரித்துப் பார்த்தால் தோளிலிருந்து முட்டி வரை கருஞ்சிவப்புக் கூழ், கூழுக்குள் எலும்புச் சில்லு, சில்லில் ஒட்டிய முடி. வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. ஆக, நான் பிடித்த முயலுக்கு உண்மையிலேயே மூன்று கால்தான். இதை வீட்டில் சொன்னபோது, "ஒரு பழமொழியை மெய்ப்பிக்க 120 கிலோமீட்டர் பெட்ரோல் செலவா?" என்று கேட்டாள் மனைவி.

நியாயமான கேள்வி. அந்த முயல் கெட்டதில் துப்பாக்கியின் பங்கு கால்வாசி. மீதி முக்காலும் என் கத்தியாலும் குக்கராலும் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்தேன். மூன்று பயணங்களிலும் செய்ததை, கெடுத்ததை, திருத்திக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. இப்போது மெல்பர்னின் மேற்கு விளிம்பில் குடியிருக்கிறேன். சிறு வயதில் தாத்தா எப்போதாவது காட்டுமுயல் கறி கொண்டுவருவார். கருத்த கறி; நார் தெரியும், மிளகு மணக்கும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைக் கொல்வது குற்றம். அந்த முயல் அந்த மண்ணுக்கே உரியது. அதைப் பாதுகாப்பது சரிதான். ஊரில் இருப்பவர்கள் இந்தப் பதிவை வாசித்துவிட்டுப் போகலாம், செய்து பார்க்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், விஞ்செல்சி அருகே பார்வன் பார்க்கில், சுட்டு விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து சுமார் இரண்டு டஜன் முயல்களை வரவழைத்து விட்டார். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்துவிட்டன. 1950இல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். கோடிக்கணக்கில் செத்தன, தப்பியவை எதிர்ப்புச் சக்தியோடு திரும்பி வந்தன. 1995இல் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த இன்னொரு வைரஸ் தானாகவே தப்பிக் கரையேறியது. அதிலும் ஏராளமாகச் செத்தன; ஆனாலும் முயல் ஒழியவில்லை. இங்கே விக்டோரியா மாநிலத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் நிலத்தில் முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை. அதனால் முயல் சுட அனுமதி கேட்டுப் போனால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். கதவைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போ என்பார்கள், அவ்வளவுதான்.

நான் போனது பெண்டிகோவுக்குத் தெற்கே ஹார்கோர்ட் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணை. கருங்கல் பாறைகள் யானை மந்தைபோலப் படுத்திருக்கும் மேய்ச்சல் நிலம். பாறைகளுக்கு அடியில் மண் பொலபொலவென்று இருப்பதால் வளை தோண்ட முயலுக்கு வசதி. அழைத்துப் போனவர் என் அலுவலகத்தில் மூத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், பதினைந்து வருடமாகத் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர். அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தம்பி.

உரிமம் வாங்கிய கதையைச் சுருக்கிவிடுகிறேன்: பாதுகாப்பு வகுப்பு, காவல்துறை விண்ணப்பம், நிலத்துக்காரரின் எழுத்து அனுமதி, சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. பொறுமை இல்லாதவனுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஆகாது என்பதை அரசாங்கமே முதலில் சோதித்துவிடுகிறது. துப்பாக்கி .22 ரகம், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரண ரைஃபிள். தோட்டா ஒலியைவிட மெதுவாகப் போகும் வகை. சத்தம் குறைவு, கறிச் சேதமும் குறைவு.

நிலத்துக்காரரிடம் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அதை அண்ணைதான் சொல்லிக்கொடுத்தார்: "விஷம் வைத்தீர்களா?" இங்கே கேரட்டிலும் ஓட்ஸிலும் 1080 அல்லது பிண்டோன் என்ற விஷத்தைக் கலந்து முயலுக்கு வைப்பது வழக்கம். பிண்டோன் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சு; தின்ற முயல் சில நாள் நன்றாகவே திரியும். அதைச் சுட்டுக் குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். "என் நிலத்தில் இல்லை, வடக்குப் பக்கத்து வேலிக்காரன் வைக்கிறான், அந்தப் பக்கம் போகாதே" என்று கையை நீட்டிக் காட்டினார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: பின்னால் பாறை இருந்தால் சுடாதே. கருங்கல்லில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பின்னணியில் மண்சரிவு இருந்தால் மட்டும் விசையைத் தொடு. அந்த நிலத்தில் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பத்தில் ஆறு முயல் தப்பிவிடும்.

முதல் பயணம் மே மாதம். ஐந்தேகால், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நாலு மணிக்குக் காற்று முகத்தில் அடிக்கும்படி ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தோம். வளை வாயில் புது மண்ணும் பச்சைப் புழுக்கையும் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று பொருள். சிலந்தி வலை கட்டியிருந்தால் வீடு காலி. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்று வந்தது, பிறகு மூன்று. ஐம்பது மீட்டருக்குக் குறி சரிபார்த்த ஸ்கோப். முயலும் ஏறத்தாழ அதே தூரத்தில். நான் நெஞ்சைப் பார்த்தேன், அது திரும்பியது, விசை அதற்குள் அழுந்திவிட்டது. இரண்டாவது தோட்டாவில்தான் அடங்கியது. அண்ணை திட்டவில்லை. "தலை தெரிந்தால் சுடு. தெரியாவிட்டால் தேத்தண்ணி குடி" என்று பிளாஸ்கைத் திறந்தார். அந்த இரண்டாவது தோட்டாவுக்கான இடைவெளி நாலைந்து விநாடிதான் இருக்கும். இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தலை மட்டும்தான். ஓடுகிற முயலைச் சுடுவதே இல்லை. வாயால் ஒரு விசில் அடித்தால் பல முயல்கள் நின்று காதை உயர்த்தும், அப்போது கிடைத்தால் உண்டு.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. முயலை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சும் போட்டு, இன்னும் ஒன்று கிடைக்குமா என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். பைக்குள் அது தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வயிற்றைக் கீறியபோது மூத்திரப்பை கத்தியில் பட்டு உடைந்து தொடைக்குள் வழிந்தது. வயிற்றுச் சதை பச்சை பூத்திருந்தது. கழுவினேன், மஞ்சள் போட்டேன், மறுபடி கழுவினேன். சில நாற்றங்களுக்கு மஞ்சளும் மசியாது.

மிச்சமிருந்த மூன்று காலையும் முதுகையும் ஆட்டுக்கறி வெட்டுவதுபோலவே வெட்டுக்கத்தியால் சிறு துண்டுகளாகப் போட்டேன். தேங்காய் அரைத்த குழம்பு, குக்கரில் ஆறு விசில். வந்தது என்ன தெரியுமா? வெளுத்துப்போன நார், நாருக்கு நடுவே ஊசி ஊசியாக எலும்பு. முயலின் எலும்பு மெல்லியது. ஓங்கிப் போட்டால் ஆட்டெலும்புபோல நறுக்கென்று துண்டாகாது, சிதறும். மகள் இரண்டாவது வாயில் ஒரு சில்லைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டாள். ஊரில் அம்மாவுக்கு வீடியோவில் தட்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "முயல் என்று சொன்னாய், கோழியைக் காட்டுகிறாயே" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைத் திருப்பியது. கறி ஏன் கறுப்பாக இல்லை?

விடை எளிது, ஆனால் தமிழில் யோசித்துக்கொண்டிருந்தவரை எனக்கு எட்டவில்லை. நாம் முயல் என்கிற ஒரே சொல்லில் இரண்டு விலங்குகளைப் போட்டு வைத்திருக்கிறோம். தாத்தா கொண்டுவந்தது காட்டுமுயல்: வளை தோண்டாது, புல்லுக்குள் ஒரு படுக்கை போட்டு வெட்டவெளியில் கிடக்கும், குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஓடியே உயிர் பிழைப்பதால் அதன் சதையில் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதிகம், நிறம் கறுப்பு. நான் சுட்டது குழிமுயல்: கூட்டமாக வளையில் வாழும், குட்டி கண் திறக்காமல் சதைப்பிண்டமாகப் பிறக்கும், ஆபத்து என்றால் பத்து எட்டு ஓடிப் பொந்துக்குள் போய்விடும். சதை வெளிர் இளஞ்சிவப்பு, கொழுப்பு அறவே இல்லை. கோழி என்று அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நான் கோழிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைக் காட்டுமுயலாக நினைத்து ஆறு விசில் விட்டிருக்கிறேன்.

ஜூன் மாத இரண்டாவது பயணத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். அண்ணை மூன்று, நான் ஒன்று. நாலும் தலையில். அவர் ஒவ்வொன்றையும் எடுத்ததும் செய்த முதல் வேலையை நான் அதற்கு முன் கவனிக்கவில்லை. முன்னங்கால்களுக்குக் கீழே பிடித்துத் தொங்கவிட்டு, கட்டைவிரலால் அடிவயிற்றைத் தொடைப் பக்கமாக அழுத்தி நீவினார். மிச்சமிருந்த மூத்திரம் பீய்ச்சி வெளியேறியது. இரண்டு விநாடி வேலை. மே மாதத்தில் இது தெரிந்திருந்தால் என் சமையலறையில் அந்த வாரம் நிம்மதியாகச் சமைத்திருக்கலாம்.

பிறகு குடல். அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். குளிர்காலம் என்றாலும் இதில் சலுகை கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு முயலைப் புல்லில் மல்லாத்தி, நெஞ்செலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு சின்னக் கீறல். அதற்குள் இரண்டு விரலை நுழைத்து உள்ளிருந்து மேலே தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர் வானம் பார்க்கும்படி வைத்து இழுக்க வேண்டும். கூர் கீழே பார்த்தால் இரைப்பை கிழியும். மென்ற புல்லின் நாற்றம் கறியில் ஏறும். இடுப்பெலும்பு வரை திறந்ததும், தலையையும் பின்னங்கால்களையும் இரண்டு கையில் பிடித்து ஒரு உதறு உதறினால் குடல் மொத்தமும் தரையில் விழுந்துவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் சவ்வை விரலால் குத்தி, இதயத்தையும் நுரையீரலையும் இழுத்தெடுத்தால் உள்ளே காலி.

ஈரலை மட்டும் உடனே எறியக் கூடாது. அதுதான் முயலின் சாதகக் கட்டம். வழவழவென்று ஒரே கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையோ மஞ்சளோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நோய் பிடித்த ஈரல். நாலில் ஒன்றில் அப்படி இருந்தது. முழு முயலையும் குழியில் போட்டோம். அந்தச் சதையைத் தின்னலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு பசி இல்லை. கண்ணிமை வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் மிக்ஸோமா. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் அந்த முயலைப் பார்த்தவர் சாப்பிட மாட்டார். குடல் சவ்வில் வேகவைத்த ஜவ்வரிசிபோலக் கண்ணாடிக் குமிழ்கள் தென்பட்டால் அவை நாடாப்புழுவின் கூடுகள். நன்றாக வெந்த கறியால் நமக்குத் தீங்கு இல்லை. நாய்க்கு அந்தக் குடலைப் போட்டால் அதன் வயிற்றில் புழு வளர்ந்து, அதன் கழிவு மேய்ச்சலில் விழுந்து, சுற்று மறுபடி தொடங்கும். பண்ணைக்காரரின் கெல்பி நாய் எங்கள் காலையே சுற்றி வந்தது. அவர் தூரத்திலிருந்தே அதட்டினார். குடலையெல்லாம் புதைத்தோம். மேலே போட்டுவிட்டு வந்தால் நரி வளர்க்கிறாய் என்பார்.

ஈரல் மடலில் கடுகுப் பச்சையில் ஒட்டியிருக்கும் பித்தப்பையைக் கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே அறுத்து எறிய வேண்டும். அதை நசுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கோழி சுத்தம் செய்த எந்தத் தமிழருக்கும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வேலை எனக்குப் பிடித்தது. ஒரு பின்னங்காலின் குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கத்தி நுனியால் ஒரு துளை. மற்றொரு காலை அதற்குள் நுழைத்தால் கொக்கி மாதிரி பூட்டிக்கொள்ளும். வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, குளிர் காற்றில் முக்கால் மணி நேரம். பண்ணைக்காரர் தேநீரோடு வந்து நின்று, அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் முயலுக்கு இங்கே 'நிலத்தடி ஆட்டுக்கறி' என்று பெயராம். வாரத்தில் ஐந்து நாள் அதுதான் சாப்பாடு; தோலை விற்ற காசில்தான் செருப்பு. தன் தலையிலிருந்த அகுப்ரா தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அதுவும் முயல் முடியை அழுத்திச் செய்த கம்பளம்தான். "என் நிலத்தைத் தின்றவனைத் தலையில் சுமக்கிறேன்" என்றார்.

தோலை அங்கேயே உரிப்பதா, வீட்டில் உரிப்பதா என்பதில் எனக்கும் அண்ணைக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. சூடு ஆறுவதற்குள் உரித்தால் தோல் வெண்ணெய்போல வரும் என்பது அவர் கட்சி. தோலோடு கொண்டுவந்தால் கறி காயாமல், தூசு படாமல் வரும் என்பது என் கட்சி. இரண்டும் உண்மை. நான் தலையணை உறையில் போட்டு, ஐஸ் பெட்டியில் ஐஸ் நேராகப் படாமல் வைத்துக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக்குக்கு இனி இடமில்லை.

மனைவி சமையலறையைத் தரவில்லை. கராஜில் மேசை போட்டுக்கொண்டேன். உரிப்பதற்கு முன் தண்ணீர் படக் கூடாது. நனைந்த முடி கறியில் ஒட்டினால் கழுவிப் போகாது, ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டி வரும். குதிகாலைச் சுற்றி ஒரு கீறல், அங்கிருந்து தொடையின் உட்பக்கம் வழியே நடுவுக்கு ஒரு கீறல். தொடையிலிருந்து தோலைக் கால்சட்டைபோல இறக்கி, வாலைத் தோலோடு அறுத்துவிட்டு, பிறகு குளித்த குழந்தையின் ஈர பனியனைக் கழற்றுவதுபோல முழுவதையும் தலைப்பக்கம் இழுத்தால் போதும். முன்னங்கால்களைச் சட்டைக் கையிலிருந்து எடுப்பதுபோல விரலால் தள்ளி எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு வெட்டு. முதல் முயலுக்கு இருபத்தைந்து நிமிடம், மூன்றாவதுக்கு ஆறு நிமிடம்.

இடுப்பெலும்பை நடுவே பிளந்து மலக்குடலின் கடைசித் துண்டை எடுக்க மறந்துவிடாதீர்கள். நாலைந்து புழுக்கை அங்கே காத்திருக்கும். அக்குளிலும் மலவாயை ஒட்டியும் மெழுகு உருண்டைபோலச் சிறு சுரப்பிகள் இருக்கும், அவற்றையும் கிள்ளி எறிய வேண்டும். வயதைத் தோலோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்: காது எளிதில் கிழிந்தால், நகம் குட்டையாகக் கூராக இருந்தால் இளசு. காது தோல்பைபோல உறுதியாக இருந்தால் கிழடு, அதைத் தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் ஒன்று வேகும்போது மற்றது கரைந்திருக்கும்.

வெட்டுக்கத்தியை இந்த முறை தொடவே இல்லை. மெல்லிய கத்தி ஒன்று போதும், எல்லாம் மூட்டில்தான். முன்னங்காலுக்கு உடம்போடு எலும்புப் பூட்டே கிடையாது, சதையில்தான் ஒட்டியிருக்கிறது. தோள் எலும்புக்குப் பின்னால் கத்தியை விட்டால் காகிதம் கிழிவதுபோல வந்துவிடும். தொடையை வெளிப்பக்கம் மடித்தால் மூட்டு தானே துருத்தும். மிச்சம் முதுகும் விலாவும். முதுகின் மேல் வெள்ளிபோல மின்னும் சவ்வைக் கத்தியைப் படுக்க வைத்துச் சீவி எடுக்க வேண்டும். என் முதல் குழம்பில் ரப்பர்போல இழுத்தது இந்தச் சவ்வுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பாவம், குக்கரை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். ஒரு முயலில் எலும்போடு முக்கால் கிலோ தேறியது. எல்லாவற்றையும் கல் உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் தண்ணீர் ரோஜா நிறம், கறி சந்தன நிறம்.

சமையலுக்கு உப்புக்கறியைத் தேர்ந்தெடுத்தேன். கொழுப்பே இல்லாத கறிக்கு எண்ணெய்தான் கொழுப்பு; அந்தக் குறையை எங்கள் பக்கத்துச் சமையலில் நல்லெண்ணெய்போல நிரப்பக்கூடியது வேறில்லை. இரண்டு முயலின் தொடைகளுக்கும் முன்னங்கால்களுக்கும் சேர்த்து நல்லெண்ணெய் ஒரு ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு, உரித்த சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு இருபது பல், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் பதினைந்து, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கல் உப்பு. இங்கே சின்ன வெங்காயம் விற்கும் விலைக்கு அதைத்தான் நகைப்பெட்டியில் வைக்க வேண்டும், இருந்தாலும் பெரிய வெங்காயத்தை இதற்குள் விடாதீர்கள். அது தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் குழைத்துவிடும்.

அடிகனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், அது நிறம் மாறும் முன் பூண்டும் வெங்காயமும். வெங்காயம் கண்ணாடியானதும் கறி, மஞ்சள், உப்பு. பத்து நிமிடம் கிளறி, கறி வெளுத்ததும் அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடி, அடுப்பைச் சிறுத்துவிட்டேன். அடிப்பிடிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் வெந்நீர். இளசுக்கு ஒரு மணி நேரம், கிழடுக்கு இரண்டு. எலும்பிலிருந்து கறி விலகத் தொடங்கியதும் மூடியைத் திறந்து, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை சுருட்டினேன். முதுகுச் சதையை மட்டும் சட்டியில் சேர்க்கவில்லை. எலும்பிலிருந்து நீளமாக எடுத்து, குறுக்கே நறுக்கி, நுணுக்கிய மிளகும் சோம்பும் பிரட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு உள்ளே சிவப்பில்லாமல் வேகும்வரை திருப்பி எடுத்தேன். அது காட்டு விலங்கு, அரைவேக்காட்டில் வீரம் காட்ட வேண்டாம். விலா எலும்பு மிளகு ரசத்துக்குப் போனது. அந்த ரசத்தைத்தான் மகள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். கறியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தட்டில் மிச்சமும் இல்லை.

ஆகஸ்டில் மூன்றாவது பயணம். அன்று முயலே கண்ணில் படவில்லை. காற்று சுழன்று சுழன்று அடித்தது. திரும்பி வரும்போது வேலியோரப் புல்லில் நான் கிட்டத்தட்ட மிதித்துவிட்ட இடத்திலிருந்து ஒன்று எழும்பி, எண்பது மீட்டர் போய் மண்மேட்டில் நின்று பின்னங்காலில் நிமிர்ந்தது. நுனி கறுத்த நீளக் காது. காட்டுமுயல், ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். அண்ணை சுட்டார். தூக்கிப் பார்த்தால் நாலு கிலோவுக்குக் குறையாது. குழிமுயல் மூன்றைச் சேர்த்துக் கட்டியதுபோல. வயிற்றைத் திறந்ததும் தெரிந்தது. ஈரலும் கறியும் ஏறத்தாழ ஒரே நிறம்.

இதற்கு எல்லாமே வேறு. ஐரோப்பியர் இதைக் குடலோடு சில நாள் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். நான் அவ்வளவு துணியவில்லை. குடலை எடுத்துவிட்டு, உரித்து, துணி சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்தேன். முதுகில் ஒன்றல்ல, மூன்றடுக்குச் சவ்வு. அண்ணை வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூள் வந்தது. பாதியை அவர் முறைப்படி தேங்காய்ப்பாலில் வைத்தோம், பாதியை நான் மண்சட்டியில் மிளகு, மல்லி, சீரகம், தேங்காய் வறுத்து அரைத்து வைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாவது மணி முடிவில் தொட்டுப் பார்த்தபோது செருப்புத் தோலாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்துவிடலாமா என்று யோசித்தேன். அடுத்த முக்கால் மணி நேரத்தில் திடீரென்று மனம் மாறிக் குழைந்தது.

மறுபடி அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். இந்த முறை கோழி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிளகு இன்னும் போட்டிருக்கலாம். உன் தாத்தா போடுவார்" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஒரு தொடை ஃபிரீசரில் இருக்கிறது, தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது பயணத்து மூன்று தோல்களில் ஒன்றைப் படிகாரமும் உப்பும் தடவிப் பலகையில் ஆணியடித்துக் காயவைத்தேன். அப்பளம்போல விறைத்துப்போய், வளைத்தால் உடையும் நிலையில் கராஜில் நிற்கிறது. காயும்போதே கையால் இழுத்து இழுத்து மென்மையாக்கியிருக்க வேண்டுமாம். பண்ணைக்காரரிடம் படம் காட்டினேன். தொப்பியைத் தொட்டுக்கொண்டு, இதை வைத்துத் தூசு தட்டலாம் என்றார்.